இங்கிலேசிதா

மொண்டேவிடியோவில் ஞாயிற்றுக்கிழமையானால்
தெருவே கடையாகிவிடும்.
ஒரு கால் இல்லாத நாற்காலி,
கிளி இல்லாத கூண்டு,
யாரோ ஒருவரின் மேல்வரிசைப் பல்செட்.
பல்செட்டுக்குப் பக்கத்தில்தான்
சாய்ந்து கிடந்தது அந்தக் கறுப்பு எஞ்சின்.
புகைபோக்கி நுனி உடைந்து,
விலாவில் தேய்ந்துபோன தங்கநிறத்தில்
பாதிச் சிங்கம்.

க்ரூவில் பிறந்தவள் நான்.
எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி
மணிக்கு எட்டு முறை அதிரும்.
ரயில் என்றால் எனக்கு
வெள்ளைத் துணி காயப்போட முடியாத கொடி;
தம்பி க்ளைவ் பூட்டிவைத்த அறை;
கதவில் அவன் ஒட்டியிருந்த அட்டை:
தொடாதே.
அங்கேயே இருந்திருந்தால்
இதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

இங்கே வந்து பதினோரு வருடம்.
மாட்டிறைச்சி ஏற்றுமதிச் சான்றிதழ்களை
ஆங்கிலமாக்குவது பிழைப்பு.
எலும்பு நீக்கியது. உறைந்தது. ஈரல் தனி.
அதைத் தவிர என் மொழிக்கு
இந்த ஊரில் வேறு வேலை இல்லை.

கடைக்காரர் பெயர் வாஷிங்டன் பீரிஸ்.
இங்கே அப்படியெல்லாம் பெயர் வைப்பார்கள்.
"ஜெர்மன் சாமான், சென்யோரா. ஒரே விலை."
திருப்பி அதன் வயிற்றைக் காட்டினேன்.
இங்கிலாந்தில் செய்தது என்று
உலோகத்திலேயே புடைத்திருந்தது.
"ஓ, இங்கிலேசிதா!" என்று சிரித்தார்.
குட்டி இங்கிலீஷ்காரி.
எஞ்சினைச் சொன்னாரோ,
என் ஸ்பானிஷைக் கேட்டுவிட்டுச் சொன்னாரோ.
விலை மட்டும் இறங்கவில்லை.
வேண்டுமானால் பல்செட்டைச் சும்மா தருகிறேன் என்றார்.

மூன்றாம் மாடி ரூபென் எய்சகிர்ரே
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
அவர் சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு ஜெர்மன் ஊர்:
தேவாலயம், பீர்க்கடை, எப்போதும் பனிக்காலம்.
அவர் சாப்பிடுவது நின்றபடி.
எஞ்சினை வாங்கி அளவுகோல் வைத்துப் பார்த்தார்.
"உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கணக்கு வராதா?"

வரும்.
ஆனால் நிஜத்தில் எங்கள் ரயில்கள் ஒல்லி.
அதே கணக்கில் சிறிதாக்கினால்
மோட்டார் உள்ளே நுழையவில்லை.
அதனால் உடம்பைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு
தண்டவாளத்தை மட்டும்
எல்லோருடையதைப் போலவே விட்டுவிட்டார்கள்.
(இதை க்ளைவ் யாருக்கோ சொன்னான்.
நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.)

பிளாட்பாரத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம்.
காத்திருந்த பெட்டிக்காரர், குடைக்காரி,
நாயோடு ஒரு பாதிரியார்,
எல்லோரும் எங்கள் டிரைவரின் தோளுக்குத்தான் வந்தார்கள்.
அவன் தலையை வெளியே நீட்டியிருந்தான்,
இது நம் ஸ்டேஷன்தானா என்று
கேட்கக் கூச்சப்படுபவன் மாதிரி.

ரூபென் குமிழைத் திருகினார்.
ஒன்றுமில்லை.
இன்னும் திருகினார்.
நீலமாய் ஒரு பொறி.
சுட்ட எண்ணெய் வாசம்.
ஐயோ, அந்த வாசம்!
பூட்டிய கதவின் சாவித் துவாரத்தில்
மூக்கை வைத்து நின்றிருக்கிறேன் அதற்காக.
பிறகு ஒரு நடுக்கம்,
ஒன்றரை அடி ஓட்டம்.
பீர்க்கடை வாசலில் நின்றுவிட்டது.
"இங்கிலீஷ் எஞ்சின்தான், சந்தேகமே இல்லை" என்றார் ரூபென்.

இங்கே எட்டு மணி, அங்கே பதினொன்று.
க்ளைவ் போனை எடுத்தான்.
"அதுவா? காரேஜில் நாலு கிடக்கிறது,
பெட்டியோடு, கீறல் இல்லாமல். அனுப்பவா?"
வேண்டாம் என்றேன்.
சுங்கத்தில் இழுத்தடிப்பார்கள் என்றேன்.
அது பாதி உண்மை.
கொடுத்த விலையைக் கேட்டான், சொன்னேன்.
போனைத் தள்ளிவைத்துக்கொண்டு
அவன் சிரிப்பது கேட்டது.

அப்புறம் குரல் மாறியது.
"கார்பன் தேய்ந்திருக்கும்.
ஸ்க்ரூட்ரைவர் இருக்கா?
அடியில் ஒரே ஒரு திருகு. கழற்று.
தொலைத்துவிடாதே, அந்த அளவு இப்போது கிடைக்காது.
உள்ளே பித்தளையில் ரெண்டு கை தெரியுதா?
விரலால் தொடு.
பயப்படாதே, தொடு."

தொட்டேன்.
திருகு உருண்டு
மேசைக்கடியில் போனதை
அவனிடம் சொல்லவில்லை.